தோள் துண்டில் படுத்த பூனை

786

பினாங்கு, சூலியா தெரு
1934, ஆகஸ்டு மாதம்

அன்பு மகள் சலேஹாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம், உன் அத்தாவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கிறது, சுகம் என்று எழுத இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் மாமியும் நலந்தானா, வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறதா, கால் வீக்கம் வடிந்ததா, இதையெல்லாம் முதலில் எழுதிவிட்டுப் பிறகு மற்றதை எழுது. போன கடிதத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பூனைக்குட்டி, பூனைக்குட்டி, ஓரத்தில் இடம் மிச்சமிருந்ததால் நான் நலம் என்று ஒரு வார்த்தை. பெற்றவள் எதைத் தேடிப் படிப்பாள் என்று தெரியாதா உனக்கு?

தலைப்பிரசவத்துக்குப் பினாங்குக்கு வரமாட்டேன், மேடானிலேயே பெற்றுக்கொள்கிறேன், நான் கிளம்பினால் மாமி பூனைக்குட்டியைப் பசார் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடுப்பில் பருப்பு தீய்ந்து கரியானதுகூடத் தெரியாமல் நின்றேன். பெற்ற தாயா பூனையா என்று கேட்டு அன்றைக்கே நாலு வரி எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். உன் அத்தாதான் அதைத் தபாலில் சேர்க்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பிள்ளை அந்த வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறது, மாப்பிள்ளை ஜவுளிக்கடைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார், அது பேசுகிறதுக்கு அந்தப் பூனையைத் தவிர யார் இருக்கா, கொஞ்சம் பொறு புள்ளே என்றார். நியாயந்தான் என்று பட்டது. பிறகு உன் கடிதத்தைத் திரும்ப எடுத்து நிதானமாகப் படித்தபோதுதான் குட்டியின் காதுக்குப் பின்னால் வட்டமாக மயிர் கொட்டியிருக்கிறது, எங்கேயோ சண்டை போட்டிருக்கும் என்று நீ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அது சண்டையில் வந்தது இல்லை மகளே. அதைப் பற்றி உன் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். உனக்கு நாங்கள் மறைத்த ஒரு சங்கதியை இப்போது சொல்லவேண்டியிருக்கிறது. வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் எதற்கு என்றுதான் மறைத்தோம். இப்போது எல்லாம் தீர்ந்துவிட்டது, அதனால் பதறாமல் படி.

நோன்புப் பெருநாள் கழித்து வந்த மழையில் உன் அத்தா ஒரு நாள் சோறு விற்று முடித்து வந்து இரண்டு பக்கமும் கூடை தொங்குகிற கண்டார் கம்பைத் தோளிலிருந்து இறக்கினார். சோற்றுக் கூடை காலியாக வந்தது, மறுபக்கத்துக் குழம்புக் கூடையில் பானைக்குப் பக்கத்தில் ஈரக் கந்தல் மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. பார்த்தால் பூனைக்குட்டி, கோப்பி நிறம். துறைமுகத்துச் சாக்கடை ஓரத்தில் கத்திக்கொண்டு கிடந்ததாம், பார்த்துவிட்டு எப்படி விட்டுவருகிறது என்றார். வரட்டும், எனக்கும் ஒரு உயிர்மேல் என்ன பகை, ஆனால் எங்கே கிடந்ததோ என்ன நோயோ, கொஞ்ச நாளைக்குப் பின்கட்டில் ஒரு பெட்டியில் தனியாக வைப்போம் என்று சொன்னேன். கேட்டால்தானே! பூனை சுத்தமான பிராணி, அது வாய் வைத்த தண்ணீரில் தொழுகைக்கு ஒளுவே செய்யலாம், உனக்கு மார்க்கம் தெரியவில்லை என்று எனக்கே பயான் செய்தார். அது எங்கே படுக்கும் தெரியுமா, கம்பு உறுத்தாமல் இருக்க அவர் நாலாக மடித்துத் தோளில் போடுகிற துண்டு இருக்கிறதே, அதன் மேல். இவர் இரவு கழற்றி ஆணியில் மாட்டாமல் பலகைமேல் வைப்பார், அது ஏறி மிதித்து மிதித்துப் படுத்துக்கொள்ளும். காலையில் துண்டைத் தட்டி அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டேன், மறைப்பானேன், மடியில் வந்து படுத்தால் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கோப்பி என்று பெயரும் வைத்தாயிற்று.

பிறகு உன் அத்தாவின் தோளில் வட்டமாகச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். கண்டார் தூக்குகிறவர்களுக்குத்தான் தோளில் சிவப்பும் தடிப்பும் புதிதில்லையே. கம்பு உராய்ந்துவிட்டது, புதுக் கம்பு இன்னும் பழகவில்லை என்றார். நானும் ஆமாம் என்றேன், அந்தத் தோளை இத்தனை வருஷம் பார்த்தவள் நான். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்து, அதன் மேல் அதே துண்டைப் போட்டு, அதன் மேல் கம்பை வைத்து, வெயிலில் வியர்க்க வியர்க்க நடந்தால் எப்படி இருக்கும் சொல், பயிருக்கு உரம் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய மாதிரிதான். வட்டம் பெரிதானது, இன்னொன்று வந்தது, சொறிந்த கை வழியாக முழங்கைக்குக் கீழேயும் இறங்கியது.

தொங்காங் படகில் மூட்டை இறக்குகிற முனுசாமியை உனக்கு ஞாபகம் இருக்கும், நம் சோறு இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. ஒரு நாள் உன் அத்தா அவருக்குக் குழம்பு ஊற்றக் கையை நீட்டியபோது பார்த்திருக்கிறார். தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அண்ணே கோவிச்சுக்காதீங்க, கையைக் கொஞ்சம் பாருங்க லா, அது ஆறட்டும், நான் வேற யார்கிட்டேயும் போயிடமாட்டேன் என்று அடுத்தவர் காதில் விழாமல் சொல்லியிருக்கிறார். வேறு ஒருத்தராக இருந்தால் துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். உன் அத்தா கூடையில் பாதிச் சோறு மிச்சமிருக்கும்போதே வீட்டுக்கு வந்து கம்பைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையால் சோறு போட்டுப் பிழைக்கிறவனுக்குக் கையில் நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் பிறகு அந்தச் சோற்றை யார் தொடுவார்?

பக்கத்து வீட்டுச் சித்தி ஆயிஷாதான் வந்து பார்த்தார். மலாய்க்காரி என்றாலும் நம் பேச்சு நம்மைவிட நன்றாகப் பேசுவாரே, என் கழுத்தைப் பார்த்தார், அங்கேயும் ஒரு சின்ன வட்டம், நான் கவனிக்கவே இல்லை. நேராகப் போய்க் கோப்பியைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் காதை மடக்கிக் காட்டினார். பின்னால் காசளவு மயிர் இல்லை, வெள்ளையாகப் பொருக்கு. ஐயோ பீவி, கம்பு இல்லை லா, இந்தக் கூராப் குச்சிங்தான், சொறிப் பூனைதான் எல்லாருக்கும் கொடுத்திருக்கு என்று அவர் சொன்னதும் நானும் உன் அத்தாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். படர்தாமரை மகளே! கம்புமேல் பழியைப் போட்டு அதை இரண்டு பேருமாகச் சேர்ந்து வளர்த்திருக்கிறோம். உன் அத்தாவுக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை, பள்ளிவாசலுக்குப் போய் லெப்பையிடம் கேட்டார், பூனை சுத்தம் என்றுதானே படித்திருக்கிறோம் என்று. லெப்பை சிரித்துவிட்டு, அஜீசு பாய், அது குடிச்ச தண்ணியில ஒளு செய்யலாம்னுதான் கிதாபுல இருக்கு, அதோட ஒரே துண்டில படுக்கணும்னு எந்தக் கிதாபுலயும் இல்லையே என்றாராம். அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிட்டு வாருங்கள் என்று நின்றேன். ஆனால் மருந்து வாங்கப் போன ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து போடுகிற டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார், பூனையை விரட்டினால் மட்டும் போகாதம்மா, அது உங்கள் துண்டிலும் தலையணையிலும் இருக்கிறது, அந்தக் குட்டி வேறு ஒரு வீட்டுக்குப் போய் அங்கேயும் கொடுக்கும், மனுஷர் பூனை துணி மூன்றுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள், ஆறுகிற வரைக்கும் சோற்றில் கை வைக்காதீர்கள் என்று. கந்தகக் களிம்பு கொடுத்தார். சித்தி ஆயிஷா தன் பங்குக்குக் கெலெங்காங் இலை கொண்டுவந்தார், நம் ஆட்கள் சீமையகத்தி என்கிற மஞ்சள் பூச்செடிதான், அதை அரைத்து எங்களுக்கும் பூசினோம், கோப்பிக்கும் பூசினோம். அது நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் ஒரு அட்டையை வட்டமாக வெட்டி மாட்டிவிட்டார் உன் அத்தா, பெரிய துரை மாதிரி அது விறைத்துக்கொண்டு நடந்தது. பாய், தலையணை உறை, கைலி, துண்டு எல்லாம் சவுக்காரத் தண்ணீரில் கொதிக்கவைத்து வெயிலில் போட்டு, மறுபடியும் கொதிக்கவைத்து, என் கைத் தோல் உரிந்தது. அந்தத் தோள் துண்டை மட்டும் அடுப்பில் போட்டேன். இவர் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களைத்தான் சொல்லி மாளாது, குழம்பில் உப்பு எப்போது போடவேண்டும் என்று எனக்கே கற்றுக்கொடுத்தார் போ. மற்றபடி எப்படியோ ஓட்டினோம், அதைப் பற்றி நீ அங்கே உட்கார்ந்து ஒன்றும் நினைக்காதே. தோள் ஆறி, கை ஆறி, டிரெஸ்ஸர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கம்பைத் தூக்கினார். அன்றைக்கு முனுசாமி இரண்டு தட்டுச் சாப்பிட்டாராம், கையை மட்டும் முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. கோப்பிக்கும் காதில் மயிர் முளைத்துவிட்டது, இப்போது பின்கட்டில் தன் பெட்டியில் படுக்கிறது, பலகைப் பக்கம் வந்தால் உன் அத்தாவே விரட்டுகிறார்.

இப்போது உன் குட்டிக்கு வருகிறேன், கவனமாகக் கேள். முதலில் உன் கழுத்து, கை மடிப்பு, மார்பு, இடுப்பு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார், வட்டமாக ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் மாமியிடம் காட்டி டாக்டரிடம் போ. பிள்ளை பிறப்பதற்குள் அது ஆறியிருக்கவேண்டும், பச்சைப் பிள்ளையின் தோல் தாங்காது. மருந்து எதுவாக இருந்தாலும் வாயும் வயிறுமாக இருக்கிறேன் என்று சொல்லி வாங்கு. கெலெங்காங் இலை அங்கேயும் கிடைக்கும், பூசுவதோடு சரி, யாராவது கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னால் குடித்துவிடாதே, அது வயிற்றைப் பிடுங்கும், உன் நிலைமைக்கு ஆகாது. குட்டியைத் தனிப் பெட்டியில் தனித் துணியில் போடு, உன் மெத்தைக்கு வேண்டாம், தொழுகிற முசல்லாவுக்கும் வேண்டாம். அது வெளிக்குப் போகிற மணலை நீ தொடவே கூடாது, வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவைத் தினம் அள்ளிக் கொட்டச் சொல், அவளும் கையைக் கழுவட்டும். நீ அதைத் தொட்டால் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குப் போகாதே. முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவாய், எனக்குத் தெரியும், அதை விடு. பிறாண்டினால் உடனே சவுக்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவி டிஞ்சர் போடு. அது சும்மா இருந்து திடீரென்று கடிக்க வந்தாலோ, வாயில் எச்சில் வடித்து ஒரு மாதிரி நடந்தாலோ, தெருநாய் கடித்திருக்கலாம், கிட்டேயே போகாதே, கடித்துவிட்டால் ஒரு பொழுதும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ, இதில் விளையாட்டு வேண்டாம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள், தடவினால் நக்கிச் செத்துப்போகும், சீப்பால் வாரிச் சவுக்காரத் தண்ணீரில் உதறினால் போதும், அதையும் நீ செய்யாதே. டின்பால் கொடுத்தால் கழிச்சல் வரும், கெம்போங் மீனை, நம் ஊர்க் கானாங்கெளுத்திதான், அவித்து முள் எடுத்துக் கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வை. வயிறு மட்டும் ஊதி உடம்பு மெலிந்தால் பூச்சி, அதற்கும் மருந்து இருக்கிறது. மாமியை வில்லி மாதிரி எழுதியிருந்தாய், அது தப்பு. பிறக்கப் போகிற பிள்ளைக்காகத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு முதலிலேயே இருந்திருந்தால் உன் அத்தாவின் தோள் தப்பியிருக்கும்.

சரி, முடிவுக்கு வருகிறேன். பூனைக்குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. நான்தான் சொல்கிறேன், உன் அத்தா சொல்லி இல்லை. பின்கட்டில் கோப்பிக்கு ஒரு மூலை, அதற்கு எதிர் மூலையில் உன் குட்டிக்குக் கம்பிவலை போட்ட பெட்டி ஒன்று தயாராகிவிட்டது. மயிர் முளைத்து டிரெஸ்ஸர் பார்த்த பிறகுதான் வலை திறக்கும். நீ படுக்கிற அறைக்கு இரண்டுக்கும் அனுமதி இல்லை, தொட்டிலுக்கு மேலிருந்து தரைவரைக்கும் கொசுவலை தைத்தாயிற்று. வியாழக்கிழமைக் கப்பலில் உன் அத்தாவே புறப்பட்டு வருகிறார். அவர் சோறு விற்காமல் ஊருக்குப் போகிறார் என்றதும் துறைமுகத்தில் என்ன ஏது என்று கேட்கிறார்களாம், என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் போகிறேன் என்று ஒவ்வொருத்தரிடமும் நின்று நின்று சொல்லிவிட்டு வருகிறார், அதில் பாதி நேரம் போய்விடுகிறது. முனுசாமி உனக்காகத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்திருக்கிறார். கப்பலில் பூனையை ஏற்றவிடுவார்களா என்று நான் கேட்டதற்கு, எலி இருக்கிற கப்பல் எல்லாம் பூனை இருக்கிற கப்பல்தான் என்றார் உன் அத்தா. கண்டார் கம்பையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறார், ஒரு பக்கம் உன் துணிப்பெட்டி, மறுபக்கம் மூடி போட்ட கூடையில் குட்டி, நீ கையை வீசிக்கொண்டு நடக்கவேண்டுமாம். மேடான்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீ தடுக்காதே.

மாமிக்கு என் சலாமைச் சொல்லி, பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் பூனையைப் பினாங்கிலேயே விட்டுவிட்டு வருவதா கூட்டிவருவதா என்று அவர்களிடமே கேட்டு முடிவு செய்வோம் என்று நான் சொன்னதாகச் சொல். மாப்பிள்ளைக்கும் சலாம். தொழுகையைத் தவறவிடாதே, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழு. அல்லாஹ் உனக்கும் உன் வயிற்றில் இருப்பதற்கும் நீண்ட ஆயுசும் ஈமானும் குறையாத சுகமும் தருவானாக, ஆமீன். புறப்படுகிற வரைக்கும் சவுக்காரத்தை மறக்காதே.

வரமாட்டேன் என்று இன்னொரு தடவை எழுதிவிடாதே சலேஹா. நான் உன்னைப் பெற்றபோது என் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். சித்தி ஆயிஷாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டேன், அவர் தங்கமான மனுஷி, விடிய விடிய விடாமல் பிடித்திருந்தார். ஆனால் வலியில் நான் கூப்பிட்டது என் அம்மாவைத்தான். அவளுக்குக் கேட்கவில்லை. நீ கூப்பிடும்போது எனக்குக் கேட்கவேண்டும் மகளே.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் அம்மா
ஹபீபா பீவி